அளவு கூடிய பின்டயர்கள்

ரப்பர் கருகும் வாடை காருக்குள் ஏறியபோது, சித்தி என் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வலியில் முனகிக்கொண்டிருந்தாள். கீரிப்பாறை மலையிலிருந்து நாங்கள் இறங்கிக்கொண்டிருந்த, மழை தூறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது.

அப்பா நாகர்கோவிலில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஆனி மழை தொடங்கும்போதே பின்டயர்கள் இரண்டும் தேய்ந்து ‘மொட்டை’யாகிவிட்டன. வண்டிக்குரிய அளவு வர நாளாகும் என்று கடையில் கைவிரித்துவிட, ரப்பர் எஸ்டேட் குடியிருப்பில் பேறுகாலம் நெருங்கியிருந்த சித்தியை எந்நேரமும் கூட்டிவர வேண்டியிருக்குமே என்ற கவலையில், சற்றுப் பெரிய டயர்களையே மாட்டிக்கொண்டு வந்தார்.

“நம்ம வண்டிக்கு உள்ள அளவு இது இல்லேல்லா?” என்றாள் அம்மா.

“கொஞ்சம்தான் கூடுதல். மலை ரோட்டுக்கு வண்டி ஒசந்து நின்னா நல்லதுதானே.”

களைத்து வந்த மனிதருக்கு அம்மா சோறு எடுத்துவைக்கப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலை ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. சித்தியும் சித்தப்பாவும் துணி மூட்டைகளும் ஏறியபின்தான் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, வளைவுக்கு வளைவு டயர்கள் மட்கார்டில் உரசத் தொடங்கின. அப்பா இறங்கிக் குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் டயர் நார் தெரிய அறுந்திருந்தது. கையிலிருந்த மாற்று டயரான ‘ஸ்டெப்னி’யோ ஒன்றுதான்.

நல்லவேளையாகப் பின்னாலேயே எஸ்டேட் பஸ் வந்தது. சித்தப்பா நடுரோட்டில் கைவிரித்து நின்று மறித்தார். “பிள்ளைத்தாச்சி ஏறுது, வழி விடுங்க மக்கா!” என்று கண்டக்டர் கத்த, பெண்கள் எழுந்து ஒரு சீட் முழுவதையும் சித்திக்கு விட்டார்கள். என்னை அப்பாவிடம் விட்டுவிட்டு அம்மாவும் சித்தப்பாவும் ஏறிப் போனார்கள்.

அப்பா ஈரக்கல்லில் உட்கார்ந்தார். “நல்லதுன்னுதானே மாட்டினேன்” என்றார், என்னிடம் அல்ல. பிறகு ஒரு பக்கம் ஸ்டெப்னியைப் போட்டு, மறுபக்கத்து மட்கார்டைச் சுத்தியலால் அடித்து மடக்கி, ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். வராந்தாவில் அம்மா நிற்பதைக் கண்டும் அவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. அவளே ஜன்னலருகே வந்தாள்.

“பொம்பளப் பிள்ள. ரெண்டுபேரும் சொகமா இருக்காவ. மொதல்ல இந்த டயரைக் கழட்டிப் போட்டுட்டு வந்து பிள்ளையப் பாருங்க.”

அப்பா ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சரியான அளவு வரும்வரை, சவாரிக்கு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, வண்டியை முற்றத்திலேயே நிறுத்திவைத்திருந்தார்.

போன வாரம் என் பழைய காருக்கு டயர் மாற்றப் போனேன். அதற்குரிய அளவு இப்போது வருவதில்லையாம்; அகலத்திலும் உயரத்திலும் அதை ஒட்டிய ஒன்றைக் கடைக்காரர் மாட்டினார். எங்காவது உரசுகிறதா என்று ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிக் காட்டச் சொன்னேன்.

“அது போதாதுக்கா, ஆளு ஏறினாலும் உரசப்பிடாது. பின்சீட்டுல யாரெல்லாம் இருப்பாவ?” என்றார் அவர்.

அப்பா, அம்மா, சித்தி, சித்தப்பா எல்லோரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அன்று பிறந்தவளும் என் பிள்ளைகளும் கடல்தாண்டி இருக்கிறார்கள்.

“யாருமில்ல தம்பி. நான் மட்டும்தான்.”

அவர் தயங்கிவிட்டு, கடை ஆட்கள் மூன்றுபேரைப் பின்சீட்டில் ஏறச் சொன்னார். கடையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினேன். எங்கும் உரசவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்; தாழ்ந்திருந்த பின்பக்கம் மெல்ல உயர்ந்து நின்றது.