‘சுடுகுது’ என்பதற்கு நான் சொன்ன சிங்களம்

மூன்று வருடங்களுக்கு முன், கொழும்பில் ஒரு மருத்துவமனையின் வெப்பச் சிகிச்சை அறையில் இது நடந்தது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். தவறு அங்கே வேலை செய்தவர்களுடையது அல்ல, என்னுடையது.

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன், வயது எழுபத்தாறு. வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் வீடு. படிகள் அறுபத்தெட்டு. லிப்ட் ஓடாத நாள்கள் மாதத்தில் குறைந்தது ஐந்து இருக்கும், அதையும் குறித்து வைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவனுக்கு எதையும் எண்ணாமல் கடந்து போக முடியாது.

என் மனைவிக்கு அதற்கும் ஆறு வருடங்களுக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்து, ஒரு பக்க மார்பை எடுத்து, கதிர்ச் சிகிச்சையும் கொடுத்திருந்தார்கள். சுகம் என்று நினைத்திருந்தபோது பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே திரும்ப வந்தது. ஒரே இடத்துக்கு இரண்டாம் முறையும் முழு அளவு கதிர் கொடுக்க முடியாது என்றார் வைத்தியர். குறைத்துத்தான் கொடுக்கலாம். அந்தக் குறைவை ஈடுசெய்ய ஒரு வழி இருக்கிறது. கட்டி இருக்கும் இடத்தை முதலில் ஒரு மணித்தியாலம் சூடாக்கிவிட்டு, கையோடு கதிரைக் கொடுப்பது. கதிர் பட்டுச் சேதமான புற்றுக் கலங்கள் தம்மைத் திருத்திக்கொள்ள அந்தச் சூடு விடாது. வாரத்தில் இரண்டு நாள், மொத்தம் எட்டு முறை.

“எவ்வளவு சூடு, டொக்டர்?” என்று கேட்டேன்.

“நாற்பத்திரண்டு பாகைக்குக் கிட்ட. அதில அறுபது நிமிஷம் நிண்டால் நல்லது. ஆனா அம்மா எரியுது எண்டு சொன்னா உடனே குறைச்சிடுவம்.”

நாற்பத்திரண்டு, அறுபது. இரண்டையும் கொப்பியில் எழுதினேன். மூன்றாவதாகச் சொன்னதில் எண் எதுவும் இல்லை. அது என் கையில் ஏறவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், அவள் சிரித்தாள். “அன்னாசி சூடு, கத்தரிக்காய் சூடு எண்டு நாற்பது வருஷமா எதையும் வாயில வைக்க விடேல்லை. இப்ப நீங்களே கூட்டிக்கொண்டு போய்ச் சூடு வைக்கிறியள்.”

“பகிடி விடாதையும். இது வேற சூடு,” என்றேன்.

இயந்திரத்தை இயக்கியவர் நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண்மணி. தமிழ் தெரியாது. என் மனைவிக்குச் சிங்களம் தெரியாது என்று நான்தான் சொன்னேன். கந்தோர், வங்கி, ஆஸ்பத்திரி எங்கே போனாலும் அவளுக்காகக் கதைப்பது நான். ஆகவே கண்ணாடி ஜன்னலுக்கு இப்பால், அந்தப் பெண்மணிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்கள். அப்பால் அவள் படுத்திருந்தாள். நெஞ்சின் மேல் தண்ணீர்ப் பை, அதன் மேல் சூடாக்கும் கருவி, தோலில் ஒட்டிய, வெப்பத்தை அளக்கும் நாலு உணர்கம்பிகள். அவள் பேசுவது ஒலிபெருக்கியில் எங்களுக்குக் கேட்கும்.

அந்தப் பெண்மணி எனக்கு இரண்டு சொற்களைப் பிரித்துச் சொன்னார். ‘ரஸ்னெயி’ என்றால் சூடாயிருக்கிறது. அது என்றால் பரவாயில்லை. ‘பிச்செனவா’ என்றால் தோல் எரிகிறது, வேகிறது. அதைக் கேட்டால் உடனே குறைப்பார். எங்கள் வீட்டுப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தேத்தண்ணி சுடுகுது என்போம். அடுப்பில் கை பட்டாலும் சுடுகுது என்போம்.

முதல் நாள் பதினேழாவது நிமிடத்தில் அவள், “சுடுகுது” என்றாள். நான் “பிச்செனவா” என்றேன். குறைத்தார்கள். திரையில் வெப்பம் இறங்கியது, திரும்ப ஏறப் பதினொரு நிமிடம் பிடித்தது. பிறகும் ஒருமுறை அப்படியே நடந்து எட்டு நிமிடம் போனது. அன்றைக்கு உரிய வெப்பத்தில் நின்றது நாற்பத்தொரு நிமிடம். இரண்டாம் முறை நாற்பத்துநாலு. அன்று இரவெல்லாம் கூட்டிப் பார்த்தேன். இப்படியே போனால் எட்டு முறையில் இரண்டு முறை வீணாகிவிடும் என்று கணக்கு வந்தது. அந்த இரண்டிலேதான் அவளுடைய உயிர் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

“இஞ்சாரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நீர் ஒருக்காச் சொன்னால் பத்து நிமிஷம் போகுது,” என்று காலையில் சொன்னேன்.

“சரி,” என்றாள்.

மூன்றாம் முறை. இருபத்துமூன்றாவது நிமிடம் வரை சத்தமில்லை. பிறகு, “சுடுகுது.”

பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். திரையில் நாலு எண்களும் ஒழுங்காக இருந்தன. நான் “ரஸ்னெயி” என்றேன். அவர் தலையாட்டினார்.

முப்பத்தொன்றில் இன்னொரு தடவை. அதே பதிலைச் சொன்னேன். நாற்பதில், “இஞ்சாருங்கோ, சுடுகுது” என்றாள். குரல் மாறியிருந்தது. அந்தப் பெண்மணி, “நிச்சயமா, அங்கிள்?” என்று சிங்களத்தில் கேட்டார். “ஓம், வெறும் சூடுதான், அவ கொஞ்சம் பயந்தவ” என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

அறுபது நிமிடமும் முழுதாக நின்றது. கொப்பியில் 60 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

தண்ணீர்ப் பையை எடுத்ததும் அந்தப் பெண்மணி என்னையும் உள்ளே கூப்பிட்டார். தழும்பின் ஓரத்தில், இரண்டு உணர்கம்பிகளுக்கு நடுவே, ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு தோல் வெளுத்து, ஓரமெல்லாம் கொப்பளித்திருந்தது. அவர் பதறிப்போய், என்னை விட்டுவிட்டு அவளிடமே சிங்களத்தில் கேட்டார்: எரியுது என்று சொல்லவில்லையா, ஆன்டி?

நான் வாயைத் திறக்குமுன் அவள் பதில் சொன்னாள்.

“நெ மிஸ். மட்ட தெனுனெ நெ.”

இல்லை மிஸ், எனக்குச் சுட்டது தெரியவில்லை என்று. சுத்தமான சிங்களம். எனக்கு ஒலிப்பு பிசகும், அவளுக்குப் பிசகவில்லை. நான் ஊர் ஊராக நிலம் அளந்த காலமெல்லாம் வெள்ளவத்தைச் சந்தையில் ஒவ்வொரு நாளும் சிங்கள மீன்காரியோடு விலை பேசி வாங்கியவள் அவள். நாற்பத்துநாலு வருடம் ஒரு வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்றால் அவள் கதைப்பதில்லை. கதைக்க நான் இடம் விட்டதில்லை.

வீட்டில் கேட்டேன். “நான் சொன்னது உமக்கு விளங்கினதோ?”

“விளங்காமல்?”

“பிறகு ஏன் நீர் பேசாமல் கிடந்தனீர்? நீரே அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாமே.”

“கண்ணாடிக்குள்ளால பார்த்தனான். நீங்கள் கொப்பியை வைச்சுக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தீங்கள். அறுபது வரட்டும் எண்டு கிடந்தனான்.” பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அந்த மிஸ்ஸுக்கு முன்னால உங்களைப் பொய்யன் ஆக்கச் சொல்லுறியளோ?” என்றாள்.

மறுநாள் நான் தனியாகப் போய் அந்தப் பெண்மணியிடமும் வைத்தியரிடமும் உள்ளதைச் சொன்னேன். வைத்தியர் கோபப்படவில்லை. தழும்புத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு, ஏறிய சூடு கலைந்து போகாமல் அங்கேயே தேங்கும், நாலு கம்பி எல்லா இடத்தையும் பார்க்காது என்றார். “அதுக்குத்தான் ஐயா அம்மாவின்ர வாயை நம்பியிருக்கிறம்,” என்றார். அந்தப் பெண்மணி ஒரு தாளை நீட்டி, தமிழர்கள் சூட்டை எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று எழுதித் தரக் கேட்டார். இனிமேல் வருபவர்களிடம் அவரே காட்டிக் கேட்பாராம். எழுதினேன். இளஞ்சூடு, சூடு, சுடுகுது, எரியுது, தாங்கேலாது. ‘சுடுகுது’வுக்கு எதிரே என்ன எழுதுவது என்று கனநேரம் இருந்துவிட்டு, “திரும்பக் கேட்கவும்” என்று எழுதினேன்.

புண் ஆற ஏழு வாரம் எடுத்தது. மிச்சம் ஐந்து வெப்பச் சிகிச்சையும் நின்றுபோனது. கதிரை இரண்டு வாரம் நிறுத்தி, பிறகு சூடு இல்லாமலே கொடுத்து முடித்தார்கள். எட்டாம் மாதம் கட்டி திரும்பத் தலைகாட்டியது. பதினாலாம் மாதம் அவள் போய்விட்டாள். மிச்ச ஐந்தும் நடந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று வைத்தியரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல ஏலாது என்றார். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த 60இன் கீழே இரண்டு கோடும் அப்படியே இருக்கின்றன. இருபத்துமூன்றிலிருந்து அறுபது வரை முப்பத்தேழு நிமிடம். அந்த முப்பத்தேழு நிமிடமும் அந்தக் கட்டிடத்திலேயே அவளுடைய மொழி தெரிந்து அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்பதை, எழுபத்தாறு வயதில், எந்தப் பக்கத்தில் எழுதி எதனோடு கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.