மிளகுக் காட்டுக் கைதட்டல்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆள் நான். எங்க ஊட்டுல மொதல்ல காலேஜ் வாசல் மிதிச்சவன், அதுவும் இசைக் கல்லூரி, அப்படிப்பட்டவன் இதையெல்லாம் நம்பினா நல்லாவா இருக்கும்? நீங்களும் நம்ப வேண்டாம். நடந்ததைச் சொல்லிடறேன்.

தொண்ணூத்தொம்பது பொங்கல் லீவு. பிரான்ஸ்ல கோடைக்காலப் பயிற்சி முகாம், இங்கிருந்து ஒரே ஒரு வயலின்காரருக்குத்தான் இடம். தனியா வாசிச்சு கேசட் அனுப்பணும், பக்கவாத்தியமோ தாளமோ கூட வந்தா தள்ளிடுவாங்க. அப்பாவுக்கு நான் மரவள்ளிக்காட்டைப் பாக்காம கம்பியை இழைக்கிறதுல கோவம். "இந்தத் தடவை ஆவலைன்னா பொட்டியப் பரண்ல போட்டுட்டு மம்பட்டியத் தூக்கு" அப்படின்னுட்டார்.

அடிவாரத்துல எங்க ஊட்டைச் சுத்தி ஜவ்வரிசி பண்ணுற சேகோ பேக்டரி, லாரி, கோழிப்பண்ணை. ரெக்கார்ட் பண்ண முடியாது. அக்கா ஊட்டுக்காரர் கொல்லிமலையில, திருப்புலி நாடுங்கிற பகுதியில, பள்ளிக்கூடத்து வாத்தியார். லீவுல ஸ்கூல் காலிதான், வா மாப்ளேன்னார். மறுநாள்தான் கேசட் அனுப்பக் கடைசி நாள் வேற, மத்தியான பஸ்ஸு கண்டக்டர்கிட்ட குடுத்துக் கீழ தபால்ல சேக்கச் சொல்லணும், அதுக்குள்ள முடிக்கணும்.

காலையில ஜன்னலுக்கு வெளியே வெறும் பனிமூட்டம். மிளகுக்கொடி ஏறின மரங்கள் பத்தடிக்கு மேல தெரியல. மச்சான் டேப்ரெக்கார்டர் பட்டனை அமுக்கிட்டு வெளியே போயி கதவைச் சாத்திக்கிட்டார். தோடி ஆலாபனை வாசிச்சேன், ஒரு இடத்துலயும் பிசகல, எனக்கே தெரிஞ்சுது. சந்தோசமா ஓட்டிப் போட்டுக் கேட்டோம், ஜன்னலோரம் ஒரு குருவி கத்தினதுகூடப் பதிஞ்சிருந்துச்சு.

தட்... தட்.

நான் வில்லைத் தூக்குற ஒவ்வொரு இடைவெளியிலும் ரெண்டு கைதட்டல். வாசிக்கும்போது இல்ல, நிறுத்தினா மட்டும். ஆலாபனைக்குத் தாளமே கிடையாதுங்க.

"ஏம் மாப்ளே, உனக்கு நீயே கைதட்டிக்கிட்டயா?" மச்சான் சிரிச்சார்.

"வெளாடாதீங்க மச்சான். நீங்கதானே வெளியே நின்னீங்க?"

"நான் பீடி பத்த வெச்சுக்கிட்டு நின்னேன். ஒரு சத்தமும் கேக்கல."

அப்போதான் சத்துணவு சமைக்கிற அக்கா பொங்கல் கொண்டுவந்தாங்க, அந்த மலைக்காரங்க. டேப்பைக் கேட்டதும் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "மொளவு பறிக்கிறவங்க தட்டுறது, சாமி. பனியில ஏணி மேல நிக்கிறவனுக்கு அடுத்த ஆள் தெரியாதில்ல, இருக்கறயான்னு ரெண்டு தட்டு. கேக்கறவன் திருப்பித் தட்டோணும். நீ ஏன் தட்டல?"

"கையில வயலின் இருந்துச்சுங்கக்கா."

"தட்டலீன்னா ஆளைக் காணோம்னு தேடி வந்துருவாங்களே." சொல்லிட்டு வெளியே பாத்தாங்க. சிரிப்பு போயிடுச்சு. "ஆனா பொங்கலன்னிக்கு எவன் மொளவு காட்டுக்குப் போறான்?" பொங்கல் இருந்த தூக்குப் போசியை வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம நடந்துட்டாங்க.

மறுபடி ரெக்கார்ட் பண்ண பேட்டரி தாங்கல, கரண்டும் இல்ல. கொண்டை ஊசி வளைவுல பஸ் ஹாரன் கேட்டுச்சு. என்ன ஆனாலும் ஆகட்டும்னு அதே கேசட்டை உறைக்குள்ள போட்டுக் கண்டக்டர்கிட்ட குடுத்துட்டேன். அப்புறம் ரெண்டு மாசம் தூக்கமில்ல, தள்ளிடுவாங்க, மம்பட்டிதான்னு.

தேர்வாயிட்டேன்.

பிரான்ஸ் போனதும் மொத வேலையா முகாம் வாத்தியார்கிட்ட, சென்னைக்காரர், கேசட் கேட்டு ஆளெடுத்ததும் அவர்தான், கேட்டேன்: "அந்தக் கைதட்டலை எப்படிங்க சார் விட்டீங்க?"

"என்ன கைதட்டல்? உன்னோடதுதான் சுத்தமான ரெக்கார்டிங்." நம்பாம நின்னேன், கேசட்டையே எடுத்துப் போட்டார். என் கையெழுத்து, என் வாசிப்பு, ஜன்னலோரம் கத்தின அதே குருவி. தட்டல் மட்டும் இல்ல. ஒண்ணுகூட இல்ல.

அழிஞ்சிருந்தா குருவியும் அழிஞ்சிருக்கணுமில்ல? டேப்பை விட்டு அந்தத் தட்டல் எங்க போச்சு?

அந்த முகாமோட கடைசி நாள் கச்சேரியில தெரிஞ்சுது. சனங்க கைதட்டி, ஓய்ஞ்சு, நாற்காலியை நகர்த்தி எழுந்திருக்கிறாங்க. பின்னாடி இருட்டுல இருந்து, தட்... தட். அப்புறம் நிறுத்திட்டுக் காத்திருக்கு.

இன்னைக்கும் எந்த ஊர்ல வாசிச்சாலும் அப்படித்தான். பக்கத்துல மிருதங்கக்காரருக்குக் கேக்கறதில்ல. நான் மட்டும் அரங்கம் காலியாகுற வரைக்கும் வயலினையும் வில்லையும் கீழ வைக்கிறதே இல்ல. கை சும்மா இருந்தா என்னை அறியாம திருப்பித் தட்டி, இங்கதான் இருக்கேன்னு காட்டிக் குடுத்துருவேனோன்னு.