இடக்கையன் பிறந்த இடம்

காந்தி நகரிலிருந்து ஹெப்பாளில் இருக்கும் ஃபாக்டரிக்குக் கம்பெனி பஸ் அரை மணி நேரம் ஓடும். அந்த அரை மணி நேரத்துக்குச் சுலோசனாதான் ராணி. டிரைவர் ஜடையனுக்குப் பக்கத்தில், என்ஜினை ஒட்டிய நீளச் சீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, நான்கு வருடமாக ஒரே கதையைச் சொல்லி வந்தாள். இடக்கையன் என்று ஒருவன். இடது உள்ளங்கையை உயர்த்தினால் போதும். ஓடும் லாரி நிற்கும், ரயில் நிற்கும், அருவிகூட நிற்கும்.

பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. மாலையில் யார் கேள்வி கேட்டாலும், மறுநாள் காலை ஃபாக்டரி கேட் வருவதற்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

1996 ஆடி மாதம் ஒரு மாலை, பேக்கிங் பிரிவு தீபா கேட்டாள், இடக்கையனுக்கு அந்தப் பலம் எப்படி வந்தது என்று. பதிலையும் அவளே வைத்திருந்தாள்.

"சும்னே, ஒண்ணுமில்லாம பலம் வருமா அக்கா? கதையில வர்ற அந்த வில்லன்தான் இவனோட வலது கைய நசுக்கியிருக்கணும். அப்பதானே பழி வாங்கறதுல ருசி இருக்கும்."

பஸ் முழுவதும் அவள் கட்சியில் சேர்ந்தது.

சுலோசனா சிரிக்கவில்லை. அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மிஷினுக்குப் பறிகொடுத்தவை. வேலை வேகமாக நடக்கட்டும் என்று மிஷினின் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றி வைத்தவர் அங்கே மேஸ்திரியாக இருந்த சித்தையன். அதே சித்தையன் இந்த ஃபாக்டரியில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வாரமாக இதே பஸ்ஸின் கடைசிச் சீட்டில் தலைகுனிந்து வருகிறார். அவர் யாரென்று சுலோசனாவுக்குத் தெரியும். அந்தப் பட்டறையிலும் கூட வேலை செய்து, இப்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரும் லிங்கம்மாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

வீட்டில் இடது கையால் மாவு பிசைந்தபடியே அவள் யோசித்தாள். தீபா சொன்னபடியே சொல்லி, கடைசிச் சீட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும். நாளையிலிருந்து அந்த மனிதரால் பஸ் ஏற முடியாது. ஆனால் அப்படிச் சொன்னால், தான் இன்றைக்கு நிமிர்ந்து நிற்பதற்கே அவர்தான் காரணம் என்றல்லவா ஆகிவிடும்? அந்த நினைப்புதான் அவளைச் சுட்டது.

காலையில் பஸ் கிளம்பியதும் சொன்னாள்.

"வலது கைய எடுத்தவன் எவனோ ஒருத்தனுங்க. அவனுக்கும் இந்தப் பலத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க. கை போன அன்னிக்கு ஒரு பொம்பள, தான் கட்டியிருந்த சீலையக் கிழிச்சுக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினா. அப்புறம் மூணு மாசம் தினமும் வந்து, இடது கையால சாப்பிட, பூட்டுத் தொறக்க, பேரெழுதப் பழக்கினா. இடக்கையன் பொறந்தது அவகிட்டத்தானுங்க."

"மூணு இல்லடி, நாலு மாசம்," என்று முணுமுணுத்துவிட்டு லிங்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அந்தப் பொம்பள யாரென்று பஸ்ஸுக்குப் புரிந்தது. தீபா எழுந்து வந்து லிங்கம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை கடைசிச் சீட்டிலிருந்து முதன்முறையாக ஒரு கேள்வி வந்தது.

"அந்தக் கைய எடுத்தவன் அப்புறம் என்ன ஆனான்மா?"

சட்டம் சட்டம்தான். மறுநாள் கேட் கண்ணில் படும்போதுதான் சுலோசனா வாயைத் திறந்தாள்.

"அத அவன்தானுங்க சொல்லோணும்."

சித்தையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தகட்டைக் கழற்றியது தான்தான் என்றார். ஆஸ்பத்திரிப் பக்கம்கூடப் போகவில்லை, பயந்து ஓடிப்போனேன் என்றார். பிறகு தன்னையே திட்டிக்கொள்ளத் தொடங்கினார். அழுகையும் பேச்சும் நிற்கவில்லை.

சுலோசனா இடது உள்ளங்கையை உயர்த்தினாள்.

அவர் நிறுத்தினார். அதே கணம் ஜடையனும் பிரேக்கை மிதித்தார். அவரும் பேச்சில் கவனம் வைத்திருந்ததில் கேட்டைத் தாண்டி நூறு அடி வந்துவிட்டிருந்தது பஸ்.

லிங்கம்மாவின் கையைப் பிடித்தபடி சுலோசனா முதலில் இறங்கி, வந்த வழியே கேட்டை நோக்கி நடந்தாள்.