கறுத்த தொண்டையும் ஒற்றைக் குப்பியும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கள் பாகூரில் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. என் நாலு வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் தொண்டையில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினேன்.

டாக்டர் நம்மூர்க்காரர்தான். ஆனாலும் ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’ என்றுதான் கூப்பிடும். தொண்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஏதோ வெள்ளைப் பொடியைத் துளியூண்டு நிறுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, பஞ்சில் தொட்டு அந்த வெள்ளையின் மேல் தடவினார். குனிந்தபோது அவர் மூச்சில் பூண்டு வாடை குப்பென்று அடித்தது. காலையிலேயே பூண்டு ஊறுகாயா என்று மனதுக்குள் கேலி வேறு.

“பத்து நிமிஷம் ஒண்ணும் குடுக்காதம்மா, தண்ணிகூட” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கே மளிகைக்கடை பாயின் மகன் படுத்திருந்தான். அவனுக்கும் இதே கோளாறு, இதே பஞ்சு.

நான் சும்மா இருந்தேனா? முந்தானையில் வசம்பு சுட்ட கரி முடிந்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு எது வந்தாலும் அதுதான் முதல் மருந்து. குடிக்கத்தானே கொடுக்கக் கூடாது, தடவினால் என்ன? விரலால் தொட்டு அவள் தொண்டையில் நன்றாகத் தடவிவிட்டேன்.

முசே திரும்பி வந்து பார்த்தார். பாயும் அவர் பின்னாலேயே வந்து நின்றார். “கன்னங்கரேல்னு கறுத்துப் போச்சே! அந்தப் பொடி டெல்லூரியம் உப்பு. தொண்டை அடைப்பான் கிருமி பட்டா கறுத்துடும். பையனுக்கும் கறுத்திருக்கு, ஆனா இவளுக்குத்தான் ஜாஸ்தி. ஊசி மருந்து ஒரே குப்பிதான் இருக்கு. இவளுக்குப் போட்டுடறேன். பாய், புதுச்சேரிக்கு ஆள் அனுப்பறேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்.”

“சாயங்காலம் மட்டும் புள்ள தாங்குவானா முசே?” என்றார் பாய். பையன் மூச்சு இழுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் கறுப்பு என் கரி. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. இவளுக்கும் அதே நோயாக இருந்துவிட்டால்? நான் வாயைத் திறந்தால் மருந்து கை நழுவிப் போகுமே! மகளை மடியோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முசே ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்தார். சின்ன அரத்தை எடுத்துக் குப்பியின் கழுத்தில் ‘கிரீச்’ என்று கீறினார்.

“முசே! அது நான் தடவுன வசம்புக் கரி!” என்று கத்திவிட்டேன்.

“இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கம்மா நீ!” என்றவர் அதற்கு மேல் நிற்கவில்லை. குப்பியோடு பையனிடம் போய்விட்டார்.

ஊசி போட்டு வந்த பிறகுதான் என் மகளின் தொண்டையைத் துடைத்து மறுபடி அந்த உப்பைத் தடவினார். மேஜையில் காலிக் குப்பி கிடந்தது. என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேனோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிஷம் போல இன்னொன்றை நான் வாழ்நாளில் கடக்கவில்லை.

தொண்டை வெள்ளையாகவே இருந்தது. வெறும் தொண்டைப் புண்தான்.

பையனும் பல நாள் கிடந்து பிழைத்துக்கொண்டான். “நீ சொல்லாட்டி எம்புள்ள இல்ல தங்கச்சி” என்று பாய் கண்கலங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மகளின் வாயில் ஒரு வாரம் பூண்டு வாடை அடித்தது. அது அந்த உப்பின் குணமாம். தினமும் அதைக் கையாள்வதால் முசேயிடமும் அதே வாடை.

இன்றும் பூண்டு உரித்தால் அந்த அரத்தின் சத்தம் காதில் விழுகிறது. உண்மையைச் சொன்னவள் என்று பாய் கடைசிவரை என்னைக் கொண்டாடினார். ஆனால் அதற்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.