பிரிட்ஜ் கதவில் இருந்த சொட்டு மருந்து

எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் குழிக்குள் ஒரு சொட்டு மருந்துக் குப்பி நின்றது. மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்தபோது கொடுத்தது. அவர் கண் தேறிய பிறகும் பாதி மீந்துவிட்டது. தூக்கிப் போட மாமியாருக்கு மனசு வரவில்லை. "இருக்கட்டும், யாருக்காச்சும் ஆகும்" என்று வைத்தார். ஆனது. அதற்குப் பிறகு வீட்டில் யார் கண் சிவந்தாலும் அதுதான். தூசி விழுந்தாலும் அதுதான், மெட்ராஸ் ஐ வந்தாலும் அதுதான். அக்கம்பக்கத்தில் கேட்டு வந்தாலும் இல்லை என்று சொன்னதில்லை. போட்ட மறுநாளே சிவப்பு வடிந்துவிடும். மாமியாருக்குக் கைராசி என்று தெருவில் பேர் வேறு.

கீரமங்கலம் பக்கம் பூக்கொல்லை வைத்திருக்கிற வீட்டில் வாக்கப்பட்டவளுக்குத் தூக்கம் என்பது சும்மா பேச்சுக்குத்தான். மல்லி மொட்டு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே குனிந்து பறிப்போம். அந்த லைட்டுக்குக் கை நிற்கும் இடம் தெரியும், முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருப்பது தெரியாது. கவாத்து வெட்டிவிட்ட குச்சி ஒன்று இலைக்குள் நின்றிருக்கிறது. நான் குனிந்தேன். வலது கண்ணில் நேராகக் குத்தியது.

"ஆத்தாடி!" என்று கத்தியதில் அடுத்த வரிசையிலிருந்து என் கணவர் ஓடி வந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை, தண்ணீர் கொட்டியது. இருந்தாலும் பறித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். மொட்டு நமக்காகக் காத்திருக்குமா?

அடுத்த வீட்டில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள். என் கண்ணைப் பார்த்துப் பதறி, "தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடவாக்கா?" என்று கேட்டாள். என் கணவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் அந்தக் காலம்த்தா. கண்ணு என்ன வெளையாட்டா? எங்க வீட்டுல டாக்டர் கொடுத்த மருந்தே இருக்கு."

எங்களுக்கு அதில் பெருமைதான், பொய் சொல்வானேன். நாங்கள் பச்சிலை பிழிகிற ஆட்கள் இல்லை, இங்கிலீஷ் மருந்து போடுகிற ஆட்கள். மாமியார் என் தாடையைப் பிடித்து, "அண்ணாந்து பாருத்தா, கண்ணைச் சிமிட்டாத" என்று அத்தனை பக்குவமாக விட்டார். ஐஸ்போல இறங்கியது. சிவப்பு வடிந்தது, வலியும் அமுங்கியது. மறுபடி கொல்லைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு வலி திரும்பி வந்தது. இமைக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டு அரைப்பது மாதிரி. வெளிச்சத்தைப் பார்த்தால் மண்டைக்குள் சுரீர் என்றது. மாமியார் மருந்தைக் கூட்டினார். "விட்ட கொறைதான், இன்னம் ரெண்டு தடவை சேத்து விடுவோம்." அவர் விட விட, சிவப்பு கொஞ்சம் அடங்கும், வலி கொஞ்சம் அடங்கும். அதற்குள் உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் மகள்தான் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அம்மா, ஒங் கண்ணுல சோறு ஒட்டிக்கிட்டிருக்கு" என்றாள். துடைத்தேன். "போகலம்மா, அங்கிட்டு இல்ல, உள்ளுக்குள்ள" என்றாள். எழுந்து போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். கருவிழி மேல் ஒரு சோற்றுப் பருக்கை அளவுக்கு வெள்ளை. இடது கண்ணைக் கையால் மூடினேன். கண்ணாடியும் இல்லை, நானும் இல்லை. வெறும் பனிமூட்டம்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் உடனே மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதுரை டாக்டர் சின்ன வயசுக்காரர். வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன மருந்து விட்டீர்கள் என்று கேட்டார். என் கணவர் சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினார், அப்போதும் கொஞ்சம் பெருமையாக. டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்குக் கொடுத்தது?"

"எங்கப்பாவுக்குங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணப்ப."

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. ஆபரேஷன் பண்ண கண்ணுக்கு இது நல்ல மருந்து. செடி குத்துன கண்ணுக்கு இது வெஷம். செடியிலேர்ந்து பூஞ்சை உள்ள போயிருக்கு. இந்த மருந்து வலியை மட்டும் அமுக்கிக்கிட்டுப் பூஞ்சையை வளர்த்து விட்டிருக்கு. அதுலயும், திறந்து ஒரு மாசம் ஆனாலே தூக்கிப் போடணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "குத்துன அன்னைக்கே வந்திருக்கலாமேம்மா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. யார் மேல் காட்டுவது? அடித்திருந்தால் திருப்பி அடிக்கலாம், ஏசியிருந்தால் திருப்பி ஏசலாம். பக்குவமாகத் தாடையைப் பிடித்து மருந்து விட்டவரை என்ன செய்வது?

கண்ணைச் சுரண்டினார்கள். இராப்பகலாக மணிக்கொரு தரம் மருந்து விட்டார்கள். பிறகு செத்துப்போன யாரோ ஒரு புண்ணியவானின் கருவிழியை வைத்துத் தைத்தார்கள். கடைசியில் அந்த டாக்டர், "முழியைக் காப்பாத்திட்டோம்மா. பார்வையைக் காப்பாத்த முடியல" என்றார். அவர் முகத்தையும் ஒரு கண்ணால்தான் பார்த்தேன்.

வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. "ஊருக்கெல்லாம் கேட்ட மருந்து ஒனக்கு மட்டும் கெடுதல் பண்ணுமா? குத்துன நேரம் சரியில்ல" என்று மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நான் டம்ளரில் ஊற்றுகிற காப்பி தரையில் கொட்டியது. வலப்பக்கம் யார் வந்து நின்றாலும் திடுக்கிட்டேன். பூப்பறிக்கக் குனிந்தால் கை மொட்டைத் தப்பவிட்டு இலையைப் பிடித்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். ஒரு கண் செக்கச்செவேல் என்று இருந்தது. நான் கொல்லைப்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால், பிள்ளை நாற்காலியில் அண்ணாந்து கிடக்கிறாள். மாமியார் தாடையைப் பிடித்திருக்கிறார். கையில் குப்பி. பாய்ந்து பிடுங்கினேன். பழைய குப்பி இல்லை. எனக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்தது. டாக்டர் நிறுத்தச் சொன்னதும் நானே குப்பையில் போட்டது.

"நல்ல மருந்துத்தா. குப்பையில கெடந்துச்சு, எடுத்து வச்சேன். யாருக்காச்சும் ஆகும்னு."

"எங் கண்ணு போனது பத்தாதா ஒங்களுக்கு?" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மாமியார் உட்கார்ந்து அழுதார். அழட்டும். மருந்தைச் சாக்கடையில் கவிழ்த்தேன். பிள்ளைக்குச் சட்டையைக்கூட மாற்றாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். ஆலங்குடி தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, எனக்கும் ஒன்னைய மாதிரி ஆயிருமா?"

"ஆகாது. ஆக விட மாட்டேன்" என்றேன். பிறகு அவளை எழுப்பினேன். "இங்கிட்டு வந்து ஒக்காரு."

"ஏம்மா? எனக்கு இந்த ஜன்னல்தான் வேணும்."

"அங்கிட்டு ஒக்காந்தா நீ எனக்குத் தெரியமாட்டேங்கிற, தங்கம்."