எஞ்சின் நின்ற சாயங்காலம்

சாயங்காலம் நாலு பத்துக்கு எங்கள் தோட்டத்து எஞ்சின் நின்றது. நான் அப்போது எதிர்வீட்டுப் பெரியவரின் பாடைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் பழக்கம், கை தானாகக் கடிகாரத்தை எடுத்தது. பக்கத்தில் வந்தவர் என் தோளைத் தொட்டு, "ஒங்க அக்காவுக்கு எம்புட்டு மருவாதி பாத்தீகளா, வாத்தியாரே? எஞ்சினையே நிப்பாட்டிருச்சு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொட்டகைக் கதவும் சாத்தியிருந்தது. தெருவில் பிணம் போகும்போது கதவைச் சாத்தாத வீடு எது?

அன்று நடந்ததைப் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். எஞ்சின் வெடித்தது என்கிறார்கள். சேலை பெல்ட்டில் சிக்கியது என்கிறார்கள். இரண்டும் இல்லை. அக்காவின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கும் நீங்களாவது உள்ளதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுதினால் ஆறுதல் வரும் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு வரவில்லை.

அக்கா கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில், மானாவாரிப் பருத்தி விளையும் கரிசல் காட்டு வீட்டில் பிறந்தவர். நான் அவருக்கு ஆறு வயது இளையவன். எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அவர்தான். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. மதுரையில் ஒரு மில்லில் பிட்டராக இருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். குழந்தை இல்லை. காய்ச்சலில் அத்தான் இறந்ததும், திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே நான் கட்டியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வண்டியிலிருந்து சீர்ப் பாத்திரம் எதுவும் இறங்கவில்லை. ஒரு தகரப் பெட்டி மட்டும் இறங்கியது. திறந்தால் உள்ளே அத்தானின் ஸ்பானர்கள்.

"இதை வச்சு என்னக்கா செய்யப் போற?"

"ஒனக்கு ஒரு எஞ்சின் வாங்கத் துப்பிருந்தா செஞ்சு காட்டுறேன்."

பிறகு ஒரு பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் வாங்கினேன். கிணற்றடியில் கொட்டகை போட்டு அதை நிறுத்தினோம். அன்றிலிருந்து அது அக்காவின் பிள்ளை. விடிந்ததும் வாசலுக்குச் சாணி தெளிப்பார், பாலைக் காய்ச்சுவார், அதற்கப்புறம் பிளக்கைக் கழற்றி ஊசியால் சுரண்டுவார். பெல்ட் வழுக்கினால் குங்கிலியத்தைப் பொடித்துத் தூவுவார். உலகச் சண்டைக் காலத்தில் எஞ்சினுக்கு ஊற்றும் ஆயில் கிடைக்காதபோது விளக்கெண்ணெய் ஊற்றினார். இறந்துபோன அந்த எதிர்வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வம்புக்கு இழுப்பார்.

"என்னத்தா, எஞ்சினுக்கும் எண்ணெய்க் குளியலா?"

"ஒங்க தலையில தேய்ச்சா என்ன வரும் மாமா? இதுக்குத் தேய்ச்சா தண்ணியாவது வருது."

பெரியவர் சிரித்துச் சிரித்து இருமுவார். இருவருக்கும் வாயாடாமல் பொழுது போகாது.

மண்ணெண்ணெயும் ரேஷன் கூப்பனுக்கு வந்து, அந்தக் கூப்பனுக்கும் கிடைக்காமல் போனபோது, அப்போது கரியில் ஓடிய பஸ்களைப் போல எஞ்சினையும் கரிக்கு மாற்றினோம். பீப்பாய் மாதிரி ஒரு இரும்பு உலை. அதில் கரி கனன்று வரும் காற்றை எஞ்சின் இழுத்துக்கொண்டு ஓடும். சாம்பல் தட்டுவது, ஈரமில்லாத கரியாகப் பார்த்துப் பொறுக்குவது, தூசி வடிகட்டும் துணியை அலசிக் காயப்போடுவது என்று அக்காவுக்கு வேலை இரட்டிப்பானது. வடிகட்ட அவருடைய பழைய வெள்ளைச் சேலைகளைத்தான் கிழித்தார். எஞ்சினை நிறுத்தும் முன் எப்போதும் கொட்டகையின் இரட்டைக் கதவை விரியத் திறந்துவிடுவார். வெக்கைக்காக என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

ஓடும்வரை அந்தக் காற்றை எஞ்சின் குடித்துவிடுகிறது. நின்ற பிறகும் உலை அணைவதில்லை. குடிக்க ஆளில்லாத காற்று கொட்டகைக்குள்ளேயே வழிகிறது. அதற்குப் புகை இல்லை, மணம் இல்லை. இதை எங்களுக்கு டாக்டர் சொன்னார், எல்லாம் முடிந்த பிறகு.

அந்தச் சித்திரையில் தெருக் கிணறுகள் வற்றிவிட்டன. சுடுகாட்டுக் கிணற்றிலும் சேறுதான். எங்கள் கிணற்றில் மட்டும் அடியில் தண்ணீர் இருந்தது. பெரியவரை எடுத்துப் போகிறவர்கள் திரும்பி வந்து குளிக்க வேண்டுமே என்றுதான் அக்கா மதியத்திலிருந்து எஞ்சினை ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். என் மனைவி துக்க வீட்டில் இருந்தாள். கொட்டகை வாசலில் நின்றது என் மகள் மட்டும். கொட்டுச் சத்தம் நெருங்கியதும் அக்கா எஞ்சினை நிறுத்தியிருக்கிறார். மகளும் உள்ளே வருவேன் என்று சிணுங்கியிருக்கிறாள்.

"பொணம் போறத நீ பாக்கக் கூடாது. வீட்டுக்குள்ள போயிரு. கொட்டுச் சத்தம் தேயட்டும், அத்தை மறுபடியும் ஓட்டிட்டு வாரேன்."

அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருக்கிறார். தாழ் போட்டால்தான் அந்தக் கதவு சாத்தி நிற்கும். அந்தச் சிணுங்கலுக்கு அக்கா மனம் இளகியிருந்தால் எனக்கு இன்று மகளும் இல்லை. இதை நினைக்கும்போது நன்றி வருகிறது. கூடவே பயமும் வருகிறது. இப்போது எங்கள் அடுப்பில் கரி போட நான் விடுவதில்லை. மகள் தூங்கும் அறையின் ஜன்னலை மார்கழியிலும் சாத்த விடுவதில்லை. அவள் மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறேன். "அப்பா, நான் முழிச்சுத்தான் இருக்கேன்" என்கிறாள்.

நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது வெயில் இறங்கவில்லை. தெருவில் எஞ்சின் சத்தம் இல்லை. கொட்டகை வாசலில் மகள் அழுதுகொண்டிருந்தாள். "அத்தை கதவத் தெறக்க மாட்டேங்குதுப்பா." நாலு பேர் சேர்ந்து கதவைப் பெயர்த்தோம். அக்கா சுவரில் சாய்ந்து, கொட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி அயர்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார். தூக்கி வந்து வேப்பமரத்தடியில் கிடத்தினோம். முகம் சிவந்திருந்தது. இளவயதில்கூட அக்கா முகத்தில் நான் அந்த நிறத்தைப் பார்த்ததில்லை. உயிர் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். விசிறினேன், கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன்.

உதவியவர்களை இங்கே நினைக்கிறேன். குதிரை நுரை தள்ள வண்டியை ஓட்டிப் போய் டாக்டரை அழைத்து வந்த வண்டிக்காரர், தங்கள் வீட்டு எழவை ஒதுக்கி வைத்துவிட்டு எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த எதிர்வீட்டுப் பெண்கள், கல்லுப்பட்டியிலிருந்து கிடைத்த வண்டியில் வந்து இறங்கிய பங்காளிகள், பதினாறாம் நாள் வரை என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட பள்ளி நண்பர்கள். உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? எங்கள் குடும்பம் உங்களை மறக்காது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் வந்தது கடைசியில்.

டாக்டர் குனிந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டை வெகுநேரம் பிடித்திருந்தார். "கரிக் காத்து, சார். முகச் சிவப்ப நம்பாதீங்க. அது அந்தக் காத்து பண்ற வேலை" என்றார். நான் ஒப்பவில்லை. அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தூக்க வந்தவர்களையெல்லாம் விரட்டினேன். என் மனைவி சொன்னாள், கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னார்கள், கேட்கவில்லை. தெருவே விலகி நின்றது.

கடைசியாக எதிர்வீட்டுப் பெரியவரின் மகன் வந்தார். அப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, மழித்த தலையோடு நேராக வந்தார். அன்று அவர் பிறர் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. மிதித்தார். என் எதிரே உட்கார்ந்து அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவின் தலைக்குக் கீழே, என் கைகளுக்குப் பக்கத்தில், தன் கைகளையும் கொடுத்தார்.

"நான் இன்னும் குளிக்கலண்ணே, எனக்குப் புதுசா தீட்டு இல்ல. தலைப்பக்கம் நான் பிடிச்சுக்கிறேன். நீங்க கால்பக்கம் வாங்க" என்றார்.