நூற்றுக்கு நாலு

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் நாலு. வங்கி கடனாகக் கொடுக்கும் ஒவ்வொரு நூறிலும் அதன் சொந்தப் பணம் எவ்வளவு, ஊராரிடம் வாங்கியது எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் வேலை. மூன்று வருடமாகச் சொந்தப் பணம் நாலைத் தாண்டவில்லை. மீதி தொண்ணூற்றாறும் அடுத்தவன் காசு. நஷ்டம் அந்த நாலைத் தின்றுவிட்டால் அடுத்த அடி, பணம் போட்டு வைத்தவர்கள் தலையில்தான். இது தெரிந்த மனுஷனுக்கு இருப்புக் கொள்ளுமா? எழுவார், தண்ணீர் குடிப்பார், உட்கார்வார், மறுபடி எழுவார்.

நாலை ஆறாக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. புதுப் பங்குகளை வெளியிட்டார்கள், சீந்துவாரில்லை. மேலாளர் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். ஊழியர்களே வாங்கட்டும், அதற்குப் பணத்தை வங்கியே கடனாகக் கொடுக்கும். வாங்காதவர்களுக்கு வேலை நிலைக்காது என்று ஜாடையாகச் சொல்லியும் வைத்தார். மகா கெட்டிக்காரர்!

நாலு அன்று மாலை வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். தையல் வேலை பார்க்கும் மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"எதுக்கு இப்படி அலையறீங்க? உட்காந்து சொல்லுங்க."

நின்றபடியே சொன்னார்.

"பேங்க் குடுத்த காசையே பேங்க்குக்குக் குடுத்துட்டு, அதைச் சொந்தப் பணம்னு சொல்லுவீங்களா? சட்டையோட முதுகை வெட்டி அதே சட்டைக்குப் பாக்கெட் வைக்கிற மாதிரியில்ல இருக்கு."

"அதேதான். ஆனா கையெழுத்து போடலைன்னா வேலை போயிடும். வீட்டுக் கடனை எப்படிக் கட்டறது?"

"போட்டா?"

"கடன் ரெண்டாயிடும்."

பயம் அவளுக்கும் இருந்தது.

"கையெழுத்து போட்டுடுங்க. கடனை எப்படியாவது அடைச்சுக்கலாம். ஆனா கணக்குல பொய் எழுதாதீங்க. அப்புறம் நீங்களும் தூங்க மாட்டீங்க, என்னையும் தூங்க விட மாட்டீங்க."

மறுநாள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார். நாலு மதியம் கொண்டுபோய்க் கொடுத்த அறிக்கையைப் பார்த்ததும் அந்த முகம் சுருங்கிவிட்டது.

"என்னய்யா, இன்னும் நாலுன்னே இருக்கு?"

"நம்ம கடன்ல வாங்கின பங்கையெல்லாம் கழிச்சுட்டேன் சார். அது சொந்தப் பணத்துல சேராது."

"நீயும்தானே வாங்கின?"

"என்னோடதைத்தான் முதல்ல கழிச்சேன்."

"மாத்தி எழுது. இல்லைன்னா நடையைக் கட்டு."

நாலு அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மேலாளர் உட்காரச் சொல்லவில்லை. எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு நாலு தானாகவே உட்கார்ந்துகொண்டார்.